அடுப்பை அணைக்கும் சத்தம்

"வெடிச்சு முடிஞ்ச பெறகு அந்தச் சத்தம் எங்கன போகுது சார்?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டீர்கள், அண்ணாச்சி. எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் போர்மேனாக இருந்தவர், பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியாரிடம் கேட்ட கேள்வி. எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. கிணற்றில் கல்லைப் போட்டால் எழும் வளையம் சுவரில் முட்டி முட்டி அடங்குவது போல, சத்தமும் சுவரிலும் மண்ணிலும் பட்டுத் தேய்ந்து துளி சூடாகி முடிந்துவிடும், வேறெங்கும் போகாது என்றேன். "பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும்" என்றீர்கள். அதை மறுப்பு என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டதாகவும் சொல்ல முடியாது.

இப்போது சாயங்காலம் ஏழு மணி. ஆமத்தூர் வீட்டின் முன்னறையில் என் புது வண்டிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் கேட்கிற ஓர் இரைச்சல், தீப்பெட்டிக்குள் அடைபட்ட கொசுவைப் போல. அந்த வண்டியிலிருந்து வருகிற சத்தம் மொத்தமே அதுதான். ஓடும்போது அதுவும் கிடையாது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. உங்களைக் கேட்காமல் உங்கள் வீட்டில் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் பார்த்திராத வகை வண்டி இது. சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் ஒன்று. பின்சக்கரத்துக்கு மேல் நீளமாக ஒரு தட்டு, இரண்டு பக்கமும் கால் வைக்கப் பலகை, முன்னால் ஓர் இரும்புக் கூடை. தட்டில் கேஸ் சிலிண்டர் நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு தண்ணீர் கேன் நிற்கும். வாரத்தில் இரண்டு நாள், முழங்கால் வைத்தியத்துக்கு விருதுநகர் போகிற என் மனைவி ஒரு தலையணையைப் போட்டு அதில் உட்கார்ந்துகொள்வாள். ரேஷன் அரிசி, மாவு மில், மருந்துக்கடை எல்லாம் அதில்தான். இரண்டு வீட்டு வேலைக்கும் போதுமான வண்டி. இரண்டு வீடு என்று நான் சொல்வது என் வீட்டையும் உங்கள் வீட்டையும்.

நான் ஓட்டிக்கொண்டிருந்த உங்கள் மொபெட் கடைசியாக நின்றது சூலக்கரைக்குப் பக்கத்தில். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய்க் காட்டிவிட்டு வர வேண்டுமே, அதற்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த வழியில் அது உயிரை விட்டது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, இனி இதற்குச் சாமான் கிடைக்காது என்று கையைத் துடைத்துக்கொண்டார். பெங்களூரிலிருக்கிற என் மகன் மறுநாளே இந்தப் பேட்டரி வண்டி வீட்டுக்கு வரும்படி செய்தான். மொபெட்டை எடைக்குத்தான் போட்டோம். உங்கள் மனைவி, மதினி, வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மதினியின் அடுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதை வேறு யாராவது படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். மருந்துக் கலவை அறையில் வேலை முடித்து வருகிறவர்களின் சட்டையில், மயிரில், நகக்கண்ணில் எல்லாம் வெடிமருந்துத் தூள் இருக்கும். அதோடு அடுப்பங்கரைக்குப் போவது எமனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல. அதனால் உங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். தினமும் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் மொபெட் சத்தம் கேட்கும். அங்கேயே எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். கம்பெனி கேட்டுக்கு வெளியே எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற பழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து இறக்கம். வண்டி தானாக உருண்டு நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கிற சந்துக்குள் வந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மதினி அடுப்பை அணைப்பார். சோறு பாதியில் கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி. நீங்கள் கொல்லையில் கல்லின் மேல் நின்று குளிப்பீர்கள், உடுப்பை வாளியில் முக்குவீர்கள். தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகுதான் உள்ளே லைட்டர் 'டிக்' என்று அடிக்கும்.

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிற எனக்கு இந்த மூன்று சத்தமும் பள்ளிக்கூட மணி மாதிரி. எஞ்சின், தண்ணீர், லைட்டர்.

நம் பக்கத்துப் பெண்களின் காதைப் பற்றி ஒரு நாள் மதினியே சொன்னார். தூரத்தில் எங்காவது 'டம்' என்று கேட்டால் முதலில் எந்தத் திசை என்று பார்ப்பார்களாம். பிறகு புகை. பிறகு யாரும் பேச மாட்டார்கள். ரோட்டில் வருகிற ஒவ்வொரு வண்டியாகக் காது கழித்துக்கொண்டே வரும், இது இல்லை, இது இல்லை என்று. தன் வீட்டு வண்டிச் சத்தம் வந்த பிறகுதான் வாயில் எச்சில் ஊறுமாம். முப்பது வருடம் அப்படிக் காதைத் தீட்டி வைத்திருந்தவர் அவர். நீங்களோ தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள்.

அன்று மதினி அழவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தமில்லாமப் போயிட்டாகன்னு சொல்றீக. சத்தமில்லாம எப்பிடிப் போவாக?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மொபெட் சாவியை என் கையில் கொடுத்தார். சும்மா கிடந்தால் துருப்பிடித்துப் போகும், நீங்கள் ஓட்டுங்கள் என்றார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகப் பட்டது. உங்கள் மகள் கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மதினிக்குத் தண்ணீர் கேன் தூக்க, சிலிண்டர் மாற்ற, ரேஷன் வாங்க ஆள் வேண்டும். நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறவன். வெயில் தாழ்ந்து நாலு மணிக்குக் கிளம்பினால் எல்லாக் கடையையும் முடித்துத் திரும்ப ஆறாகிவிடும். பல வருடம் உங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தவன் என்பதால், திருப்பத்தில் என் கையும் தானாக எஞ்சினை அணைத்தது. சந்துக்குள் உருட்டி வந்து கொல்லை வாசலில் சாமானை இறக்குவேன். புழுதிக்காலோடு வீட்டுக்குப் போனால் என் மனைவி விட மாட்டாள் என்று, உங்கள் கல்லில் ஏறிக் கைகால் கழுவிக்கொள்வேன். பிறகு உள்ளே லைட்டர் அடிக்கும்.

மூன்று வருடம். ஒரு நாள்கூட நான் "மதினி, நான்தான் வந்திருக்கேன்" என்று சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. வண்டி சொல்லிவிட்டது. யார் வந்ததாக அது சொல்லிக்கொண்டிருந்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

புது வண்டியை முதன்முதலாக வெளியே எடுத்த நாளைச் சொல்கிறேன். பேட்டரி வண்டி சத்தம் போடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் உட்கார்ந்து நம் ஊர் ரோட்டில் போகும்போதுதான் அதன் அர்த்தம் புரிகிறது. படுத்திருந்த நாய் தலை தூக்கவில்லை. பருத்திக்காட்டு ஓரத்தில் மேய்ந்த கொக்குகள் பறக்கவில்லை, சக்கரம் அவற்றின் காலை உரசுகிற மாதிரி போனேன். டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாருக்கு இந்த வயதில் எதற்கு இந்த வண்டி என்று. அவர்களைத் தாண்டிப் போனேன், திரும்பவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் தற்செயலாகத் திரும்பியவள், ஓர் அடி தள்ளி நான் நிற்பதைப் பார்த்துக் குடத்தை நழுவவிட்டாள். "ஆத்தாடி, பேயாட்டம் வந்து நிக்கிறீகளே சார். மணியாச்சும் அடிக்கக் கூடாதா" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மணி அடிக்கிறவரைக்கும் நான் அந்த ரோட்டில் இல்லை என்பதுதான் உண்மை.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கேனைக் கொண்டுவந்து உங்கள் கொல்லை வாசலில் இறக்கினேன். வீட்டுக்குள் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மதினி அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. உலைமூடி பாதி திறந்திருந்தது. அரிசி வேகாமல் தண்ணீரில் கிடந்தது. உடம்பு சரியில்லையோ என்று கூப்பிட வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சத்தம் போடாதீக. அவுக குளிக்காக."

அண்ணாச்சி, நான் முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளுக்குக் காந்தமும் மின்சாரமும் சொல்லிக்கொடுத்தவன். ஆனாலும் திரும்பிக் கல்லைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கல்லின் மேல் யாரும் இல்லை. கல் ஈரமாக இருந்தது. குழாய் ஒழுகியிருக்கலாம். மதினியே மத்தியானம் பாத்திரம் கழுவியிருக்கலாம். அவற்றையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு சந்து வழியாக வெளியே வந்தேன். அன்றும் அதற்குப் பிறகும் நான் அங்கே கைகால் கழுவவில்லை. அந்தக் கல்லில் ஏற எனக்குக் கால் வரவில்லை.

அன்று அந்த அடுப்பு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. நடந்தது என்ன என்று நாலைந்து நாளில் எனக்குப் புரிந்துவிட்டது. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மதினிக்கு மொபெட் சத்தம் கேட்கிறது. அடுப்பை அணைக்கிறார். பிறகு தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்காகக் காத்திருக்கிறார். தொடங்கிய சத்தம்தானே நிற்கும், இது தொடங்கவே இல்லையே. அதனால் குளியல் முடிவதே இல்லை. குளியல் முடியாமல் அடுப்பைப் பற்றவைக்க அவர் கை போகாது. காலையில் மிஞ்சியது ஏதாவது இருந்தால் ஒரு வாய், இல்லாவிட்டால் அப்படியே படுக்கை. என் மனைவி சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி மூடிவைத்துவிடுவார். "அவுக வந்து சாப்புடட்டும், பெறகு நான்" என்பார். ஒரு மாதத்தில் அவர் ரவிக்கையின் கை தொளதொளவென்று ஆகிவிட்டது.

வகுப்பில் இதற்கு ஓர் உதாரணம் சொல்வேன். கரண்ட் போய் மணி அடிக்காத நாளிலும் நாலே காலுக்குப் பிள்ளைகள் பையைக் கட்டிவிடுவார்கள். காது இல்லாத மணியைக் கேட்டுவிடும். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. இதை என் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பம் எனக்கும் பழக்கந்தானா?"

"எது?"

"பத்து நிமிசம் முன்னாடி பாலத்துல வண்டி நின்னுச்சே. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை.

உங்கள் மகள் போன் செய்தாள். அம்மா குரலே சரியில்லை, இந்த மாதக் கடைசியில் வந்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கே கூட்டிப்போகிறேன் என்றாள். அம்மா வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பார், சொல்லுங்கள் சார் என்று அழுதாள். மதினியிடம் நான் அதை எடுத்தபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தினமும் ஆள் வருகிற வீட்டை எப்படிப் பூட்ட முடியும் என்றார். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. இந்த நிலையில் கொண்டுபோனால் அங்கே மாடிவீட்டில் அவர் எந்தத் திருப்பத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? இங்கேயே விட்டால் இன்னும் எத்தனை நாள் தாங்குவார்?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நான் மெக்கானிக்கிடம் போனேன். உங்கள் மொபெட் மாதிரியே பழையது ஒன்று எங்கிருந்தாலும் பிடித்துத் தாருங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு. "கரண்ட் வண்டி வாங்கிட்டு வந்து பொகை வண்டி கேக்குறீகளே. சத்தந்தான் வேணும்னா ஒரு ஸ்பீக்கரை மாட்டிவிட்டுருவோமா சார்?" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். வீடு வரும் வரைக்கும் நான் அதை நிஜமாகவே யோசித்துக்கொண்டு வந்தேன். எளிய வழி. மறுபடியும் எஞ்சின், தண்ணீர், லைட்டர். மதினி சாப்பிடுவார், தேறிவிடுவார். நான் இருக்கும் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு?

அந்த 'அதற்குப் பிறகு'தான் என்னை நிறுத்தியது. மூன்று வருடமாக என்ன செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்கள் போன பதினாறாம் நாளே உங்களைத் திரும்ப அந்த வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டவன் நான். தினமும், சரியான நேரத்துக்கு. மதினியின் காதில் நீங்கள் சாகவே இல்லை. புது வண்டி வந்த அன்றிலிருந்துதான், வந்தும் உள்ளே வராமல் நிற்கிறீர்கள்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு மதினியிடம் போய், ஒரு நடை என் வண்டியில் வாருங்கள் என்று கூப்பிட்டேன். எங்கே என்று கேட்டார். பாலத்துக்கு என்றேன். அவர் உள்ளே போய் முகம் கழுவிப் பொட்டிட்டுக்கொண்டு வந்தார், பஸ் ஸ்டாண்டில் யாரையோ எதிர்கொண்டு கூட்டிவரப் போகிறவரைப் போல. தட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டார். அவர் எடை வண்டிக்குத் தெரியவே இல்லை. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. சிவகாசிப் பக்கம் ரோடு ஒரு கருவேலங்காட்டைச் சுற்றி வளைந்து வருகிறது. அந்த வளைவு வரைக்கும் ஓர் ஆள்கூட இல்லை. நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி பார்க்கவில்லை.

முதலில் காதுக்குள் ஏதோ போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அது மொபெட் ஆயிற்று. வளைவுக்கு அந்தப் பக்கம். மேடேறும்போது உங்கள் வண்டி திணறித் திணறி ஒரு முறை தொண்டையைச் செருமும், ஞாபகமிருக்கிறதா? செருமியது. வளைவைத் தாண்டியது என்று காது சொல்கிறது, கண்ணுக்கு ரோடு வெறுமையாக இருக்கிறது. நேராக எங்களை நோக்கி வந்தது. பாலத்தின் தலைப்பில், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில், அணைந்தது. அதன் பிறகு சக்கரம் மட்டும் சரளைக்கல்லில் உருளுகிற சத்தம். இறக்கத்தில் ஊரை நோக்கிப் போயிற்று.

எழுந்து போய்ப் பார்த்தேன். வளைவு வரை நடந்தேன். காட்டுக்குள் பிரிகிற வண்டிப்பாதை ஒன்று இருக்கிறது. யாராவது அதில் இறங்கிப் போயிருக்கலாம். தரை கட்டாந்தரை, தடம் தெரியவில்லை. திரும்பி வந்தபோது மதினி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சா சார்?"

பொய் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. "கேட்டுச்சு மதினி" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தனக்குப் புத்தி பிசகவில்லை என்ற நிம்மதி. அந்த நேரத்தில் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த மூன்று வருடமும் சாயங்காலம் வந்தது அண்ணாச்சி இல்லை, நான்தான் அந்த வண்டியில் வந்தேன் என்றேன். அவர் அழுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதா சார்?" என்றார். "கேனைத் தூக்கிட்டு மூச்சு வாங்குறது யாரு, கல்லுல ஏறக் கைய ஊண்டுறது யாரு, எல்லாந் தெரியும். அவுகளைக் குளிப்பாட்டி, வாயில அரிசி போட்டு அனுப்புனவ நானு. கண்ணுக்கு எல்லாந் தெரியும்." பிறகு தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இதுக்கு யாரு சொன்னா? இதுக்கு யாரும் சொல்லலையே."

அவரை வண்டியில் உட்காரவைத்து இறக்கத்தில் மெதுவாக வந்தேன். எங்களுக்கு முன்னால் ஏதோ உருண்டு போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. சந்துக்குள் திரும்ப எனக்கு மனமில்லை. தெருவாசலிலேயே அவரை இறக்கிவிட்டேன்.

அடுத்த நாள் ஆறுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதே கேனோடு சந்துக்குள் வந்துவிட்டேன். கொல்லைச் சுவருக்கு வெளியே நின்றேன். ஜன்னலில் அடுப்பு வெளிச்சம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு அதை எடுத்ததில்லை. அதை எடுத்தேன்.

"மதினி, நான் வாத்தியார் வந்திருக்கேன். தண்ணி கேன் கொண்டாந்திருக்கேன்."

இன்னொன்று பாக்கி இருந்தது. சுவரில் கையை வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி வரல."

கல்லின் பக்கம் நான் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால், சந்தின் வாயில், வண்டி ஒன்று வந்து நிற்கிற மாதிரி ஓர் உணர்வு. வெயிலில் கிடந்த இரும்பின் வெக்கை கழுத்தில் பட்டது. திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை அதையே சொன்னேன், இந்தத் தடவை மெதுவாக. அது யாருக்குச் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை.

கரண்டி ஒன்று பாத்திரத்தின் விளிம்பில் தட்டியது. உலை கொதிக்கிற சத்தம் தொடர்ந்து வந்தது. அவர் அடுப்பை அணைக்கவில்லை. ஐந்து ஐம்பது ஆயிற்று. தாண்டிப் போயிற்று. உலை கொதித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஜன்னல் ஓரத்துக்கு வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டார்.

"நீங்க காப்பிக்கு என்ன போட்டுக் குடிப்பீக சார்?"

மொபெட் ஓடிய மூன்று வருடமும் சாயங்காலம் அந்த ஜன்னல் கட்டையில் எனக்கு வந்துகொண்டிருந்தது சுக்குத் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி. எனக்குச் சர்க்கரை வியாதி. பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாழைக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது உங்கள் காப்பி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் போட வேண்டாம் என்றேன். "கசக்குமே" என்றார். பரவாயில்லை என்றேன்.

மாதக் கடைசியில் உங்கள் மகள் வந்தாள். அம்மா ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டதைப் பார்த்தாள். வீட்டைப் பூட்டவில்லை. தைக்கு மறுபடியும் பார்க்கலாம் என்று கிளம்பிப் போனாள். மதினி இப்போது வாரம் ஒரு நாள் என் மனைவியோடு தட்டில் ஏறிக்கொண்டு விருதுநகர் வருகிறார். இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றியே பேசிக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு அதற்குப் பிறகு பாலத்துச் சத்தம் கேட்கவில்லை. மதினிக்குக் கேட்கிறதா என்று நான் கேட்பதில்லை. சாயங்காலம் சந்துக்குள் நின்று மூன்று வாக்கியமும் சொல்கிறேன். வெயிலோ மழையோ, ஒரு நாள்கூட விட்டதில்லை. முதல் இரண்டும் எளிதாக வந்துவிடுகின்றன. மூன்றாவதற்குத்தான் இன்னும் சுவரில் கையை ஊன்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் உங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, உள்ளே வர அனுமதி கேட்டுக் காத்திருக்கிற மாதிரியும், உங்கள் சிநேகிதன் நானே வாசலில் நின்று நீங்கள் வரவில்லை என்று உங்களுக்கு எதிரிலேயே சொல்கிற மாதிரியும் இருக்கிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அண்ணாச்சி. மதினி சாப்பிட வேண்டும். அதனால் நாளைக்கும் சொல்வேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு வாத்தியார் கொடுக்கிற வீட்டுப்பாடம் ஒன்றுதான். இன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது வாசலிலேயே ஒரு நிமிடம் நின்று, வந்திருப்பது யார் என்று உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி உங்கள் வாயால் சொல்லிவிட்டு, பிறகு காலை எடுத்து வையுங்கள்.